மே மாதத்து நண்பன்

(சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியம், பக்தி இலக்கியம், இல்லாவிட்டால் நிறுவியவரின் அருமை பெருமை. இந்த மூன்றில் ஒன்றுதான் வழக்கம். கோடை முகாம் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னதும் செயலாளர் போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஐயா, அது சின்னப் பசங்க சமாச்சாரமாச்சுங்களே" என்றார். சின்னப் பசங்க சமாச்சாரத்தோடு வாழ்நாள் முழுக்கக் குப்பை கொட்டியவன் நான். பள்ளி ஆசிரியர், அதோடு சாரண ஆசிரியர். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் பேச முடியும்?

ஏப்ரல் பாதியில் இந்தத் தெருக்களில் ஒரு நடை போய்ப் பாருங்கள். சாரதா கல்லூரிச் சாலையிலிருந்து அழகாபுரம் வரைக்கும் கேட்டுக்குக் கேட் ஒரு நோட்டீஸ் செருகியிருக்கும். அபாகஸ், ஃபோனிக்ஸ், ரோபோட்டிக்ஸ், கையெழுத்துத் திருத்தம், கீபோர்டு, நெருப்பில்லாச் சமையல். காலை பத்து மணிக்குக் கொண்டுபோய் விட்டால் பன்னிரண்டரைக்குத் திரும்பக் கூட்டி வந்துவிடலாம். கடைசி நாளில் எல்லாருக்கும் சான்றிதழ், எல்லாருக்கும் மெடல். நோட்டீஸின் தலையில் பெரிய எழுத்தில் 'சம்மர் கேம்ப்'.

நான் குறை சொல்ல வரவில்லை. வேலைக்குப் போகிற அம்மாவுக்கு மே மாதம் எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். பிள்ளை நாள் முழுக்க செல்போனும் கையுமாகக் கிடப்பதற்கு அபாகஸ் எவ்வளவோ மேல். ஆனால் அது டியூஷன்தான், முகாம் கிடையாது. இரண்டு வருஷம் கழித்து அதே பிள்ளையிடம், "அங்க உன் பக்கத்துல உட்கார்ந்தது யாரு கண்ணு?" என்று கேளுங்கள். பெயர் ஞாபகம் இருக்காது. இருந்தாலும், அது அடுத்த அபார்ட்மெண்ட் பிள்ளையாகத்தான் இருக்கும். அதே பள்ளிக்கூட வேனில் போகிற பிள்ளை.

என் பழைய மாணவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். கல்யாண மண்டபங்களில் பார்க்கும்போது, விளையாட்டாக, "எங்கே, குளோவ் ஹிட்ச் முடிச்சு ஒண்ணு போட்டுக் காட்டு" என்பேன். ஒருத்தருக்கும் வருவதில்லை. முதலுதவி மறந்துவிட்டது, செமஃபோர் கொடி மறந்துவிட்டது, சாரணர் உறுதிமொழி பாதியில் நிற்கிறது. ஆனால் கூடாரத்தில் பக்கத்தில் படுத்தவன் யார் என்று கேட்டால் டக்கென்று சொல்கிறார்கள். அவன் எந்த ஊர், எப்படிச் சிரிப்பான், ராத்திரி எதற்கு அழுதான், எல்லாம் வருகிறது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். அப்படி ஞாபகம் வருகிற பையன், பெரும்பாலும், அவர்களுடைய தெருவோ பள்ளியோ சொந்தபந்தமோ ஒருநாளும் கொடுத்திருக்காத ஆள். முகாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அந்த ஒரு ஆளைத்தான் என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

என் சொந்தக் கதையில் கொஞ்சம் சொல்கிறேன். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-இல்தான். நான் சிறுவனாக இருந்தபோது ராசிபுரமும் திருச்செங்கோடும் பரமத்தியும் எல்லாமே சேலம் ஜில்லா. பல பள்ளிக்கூடங்களின் சாரணர் அணிகளை ஒன்றாகச் சேர்த்து மே மாதத்தில் ஏற்காட்டுக்கு ஏற்றினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. பாதிப்பேர் வாந்தி எடுத்தபடியேதான் மேலே போய்ச் சேர்ந்தோம். கீழே சேலத்தில் அனல் கொதிக்கிறது, மேலே ராத்திரிக்குப் போர்வை போதவில்லை.

அங்கே யாருக்கும் யார் பெயரும் தெரியாது. அதனால் ஊர்ப்பெயரே பெயராகிவிட்டது. "டேய் ஆத்தூரு, வாளியை எடு." "ராசிபுரத்தானை எங்கடா காணோம்?" முதல் நாள் சாயங்காலமே இப்படி ஆகிவிட்டது. இது யாரும் போட்ட திட்டமில்லை. ஆனால் இன்று யோசித்தால் அதில் ஒரு பெரிய நன்மை இருந்தது தெரிகிறது. ஊரைச் சொன்னால் தெரு தெரியாது. தெரு தெரியாவிட்டால் மற்றதும் தெரியாது.

எங்கள் அணியில் சிவதாபுரத்துப் பையன் ஒருவன். சிவதாபுரம் என்றால் உங்களுக்கே தெரியும், வெள்ளிக் கொலுசு. வீட்டுக்கு வீடு பட்டறை. அவன் விரல் நுனிகளில் சின்னச் சின்னச் சுட்ட தழும்புகள் இருந்தன. அதைப் பார்த்து முதலில் நாங்கள் சிரித்தோம். இரண்டாம் நாள் மாலை மழை. விறகெல்லாம் நனைந்துவிட்டது. சாரண ஆசிரியர் ஒருத்தருக்கும் தீக்குச்சி கூடுதலாகத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு அணியும் அடுப்பைச் சுற்றிக் குந்திக்கொண்டு புகையில் கண்ணைக் கசக்குகிறோம். இவன் மட்டும் ஒரு மூங்கில் குழாயை ஒடித்து எடுத்துக்கொண்டு வந்தான். வாயில் வைத்து, விடாமல், ஒரே சீராக ஊதினான். கொலுசுக்குப் பற்றவைக்கிறவர்கள் ஊதுகுழலில் ஊதுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு இழுத்தபடியே ஊதுவார்கள். அந்த வித்தை. தீ பிடித்தது. மற்ற அணிகள் எல்லாம் எங்கள் அடுப்பிலிருந்து கொள்ளி வாங்கிக்கொண்டு போயின. அன்றிலிருந்து அவன்தான் எங்களுக்குத் தலைவன். அணித்தலைவர் என்று பட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது நான். அது வேறு விஷயம்.

வகுப்பறையில் அவனுக்கு அந்த இடம் ஒருக்காலும் கிடைத்திருக்காது. வகுப்பறை எழுத்தையும் கணக்கையும் கேட்கிறது. அவனுக்குத் தெரிந்ததை அது கேட்பதே இல்லை. முகாம் அன்றைக்குத் தீயைக் கேட்டது.

அந்த ஆண்டு தீபாவளிக்கு முன்னால் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். விலாசம் வாங்கி வைத்திருந்தான், தேடிப் பிடித்து வந்துவிட்டான். என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஊரைக் கேட்டார். அப்பா பெயரைக் கேட்டார். எந்தத் தெரு என்று கேட்டார். மூன்றாவது பதில் வந்ததும், "இரு சாமி, தண்ணி கொண்டு வரேன்" என்று எழுந்து உள்ளே போனார். தண்ணீர் வந்தது. எங்களுக்கு வருகிற சொம்பில் வரவில்லை. புழக்கடையில் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு அலுமினியக் குவளை, அதில் வந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாந்து குடித்தான், குவளையைத் திண்ணை ஓரத்தில் வைத்தான், கொஞ்ச நேரம் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான், போய்விட்டான். ஏற்காட்டில் நாங்கள் இருவரும் ஒரே தட்டில் உப்புமா தின்றிருக்கிறோம். தட்டுகள் குறைவு, வேறு வழியில்லை.

இதைச் சொல்வது பாட்டியைக் குற்றவாளி ஆக்குவதற்காக இல்லை. அவர் வளர்ந்த உலகம் அது. என் அம்மா அன்று ராத்திரி அந்தக் குவளையை எடுத்து உள்ளே மற்ற பாத்திரங்களோடு கழுவி அடுக்கினார். எதுவும் பேசவில்லை. எனக்கு ஏற்காட்டு முகாம் அன்றுதான் முடிந்தது என்று சொல்லலாம். அதற்கு முன் அந்தக் குவளையை நான் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். அது யாருக்கு என்று யோசித்ததில்லை.

தனிப்பாத்திரக் கதை தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. நூறு வருஷத்துக்கு முன் இதே தண்ணீரும் சோறும் ஒரு கட்சியையே உலுக்கியிருக்கின்றன. 1922-இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய குருகுலம், சேரன்மாதேவியில் தாமிரபரணிக் கரையில் நடந்தது. தேசபக்தியும் உடலுழைப்பும் தாய்மொழிக் கல்வியும் சேர்ந்த ஒரு பள்ளி. பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பிராமணப் பையன்கள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். அது வெளியே தெரிந்ததும் பிடித்துக்கொண்டவர்களில் முன்னால் நின்றவர் நம் ராசிபுரத்துக்காரர், 'தமிழ்நாடு' இதழின் ஆசிரியர் பி. வரதராஜுலு நாயுடு. பெரியாரும் உடன் நின்றார். காந்தி வரைக்கும் விவகாரம் போயிற்று. இரண்டு பிள்ளைகள்தானே, அவர்கள் பெற்றோருக்குக் கொடுத்த வாக்குதானே என்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. நாயுடு ஒப்புக்கொள்ளவில்லை. 1925 ஜூனில் குருகுலப் பிள்ளைகளோடு பாபநாசம் அருவிக்குப் போன இடத்தில், தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து ஐயரும் இறந்துபோனார். அவரை நினைக்கும்போது எனக்கு வருத்தம் வராமல் இருந்ததில்லை. ஆனாலும் நாயுடு சொன்னதில்தான் நியாயம் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் பிள்ளைகளைத் தங்கவைத்துவிட்டுப் பந்தியைப் பிரித்தால், அவர்கள் பாடப்புத்தகத்தில் படித்ததை எல்லாம் பந்தி அழித்துவிடும். இரண்டு பேருக்குத்தான் தனி இலை என்றாலும் எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.

முகாம் என்ற வழக்கம் நமக்கு வந்தது கப்பலில்தான். அமெரிக்காவில் 1885-இல் ஒய்.எம்.சி.ஏ.காரரான சம்னர் டட்லி ஏழு பையன்களை ஒரு ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். அந்த முகாம் இன்னும் நடக்கிறது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பேடன் பவல் பிரவுன்சீ என்ற தீவில் இருபது பையன்களைத் தங்கவைத்தார். அந்த இருபதில் ஈட்டன், ஹாரோ மாதிரிப் பணக்காரப் பள்ளிப் பையன்களும் இருந்தார்கள், பூல் துறைமுகப் பக்கத்து உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வேண்டுமென்றே கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். அவருடைய மற்ற கருத்துகளில் ராணுவ வாடை தூக்கலாக இருக்கும், எனக்கு அது ஒத்துவராது. கலந்து பிரித்தாரே, அது மட்டும் அபாரம்.

ஆனால் அந்த இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது கதவு பாதிதான் திறந்தது. முதலில் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான் இடம். அதற்குப் பதில் சொன்னது சென்னை. 1916-இல் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். 1921-இல் பேடன் பவலே சென்னைக்கு வந்து அதை ஏற்று இணைத்துக்கொண்டார். இன்றைய பாரத சாரணர் அமைப்பு 1950 நவம்பர் 7-இல் உருவானது. இது பழங்கதை ஆகிவிடவில்லை. 2025 சனவரிக் கடைசியில் மணப்பாறையில் வைர விழாப் பெருந்திரளணி நடந்தபோது பிற மாநிலப் பிள்ளைகளும் வந்து தங்கினார்கள்.

ஒய்.எம்.சி.ஏ. என்று சொன்னேன். அதன் இந்தியக் கிளைக்கு முதல் இந்தியப் பொதுச்செயலாளராக 1916-இல் பொறுப்பேற்றவர் கே.டி. பால். 1876-இல் பிறந்தது இதே சேலத்தில். 1931-இல் இறந்ததும் சேலத்தில்தான். கிராமப் புனரமைப்பு, கூட்டுறவுக் கடன் என்று அலைந்த மனிதர், முதல் வட்டமேசை மாநாட்டுக்கும் போனவர். சேலத்துக்காரர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? சினிமா எடுத்த டி.ஆர். சுந்தரத்தைத் தெரிகிற அளவுக்குத் தெரியாது. சினிமாவோடு யார் போட்டி போட முடியும்?

சரி. பிள்ளைகளைக் கொண்டுபோய் ஒரு காட்டில் விட்டால் தானாக நட்பு முளைத்துவிடுமா? இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். 1954 கோடையில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன்கள் இருபத்திரண்டு பேர். எல்லாரும் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள், ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லாதவர்கள். அவர்களை இரண்டு கூட்டமாக்கி ஆளுக்கொரு பக்கம் தங்கவைத்தார். ஒரு கூட்டம் கழுகுகள், இன்னொன்று விரியன்கள் என்று பெயர் வைத்துக்கொண்டது. பிறகு கயிறு இழுத்தல், பேஸ்பால் என்று போட்டி வைத்தார். ஜெயிக்கிற பக்கத்துக்கு மட்டும் பரிசு. சில நாளில் ஒருவர் கொடியை மற்றவர் எரித்தார்கள், ராத்திரியில் குடிலில் புகுந்து சூறையாடினார்கள். சாதியும் இல்லை, மதமும் இல்லை. ஒரு கோப்பையும் ஒரு பெயரும் போதுமானதாக இருந்தன.

அப்புறம் ஷெரீஃப் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டார். இரண்டு பக்கமும் சேர்ந்து தேடித்தான் அடைப்பைக் கண்டுபிடிக்க முடிந்தது. சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. முன்பு எதிரெதிராக இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லாருமாக ஒரு பக்கம் இழுத்தார்கள். ஊர் திரும்பும்போது ஒரே பஸ்ஸில் போகக் கேட்டார்கள். வழியில் ஒரு கூட்டம், தான் ஜெயித்த ஐந்து டாலரை இரண்டு பக்கத்துக்கும் பானம் வாங்கிச் செலவழித்துவிட்டது.

இந்தக் கதை பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுக் கதைதான் எனக்கு அதைவிடப் பிடித்தது. 1953-இல் ஷெரீஃப் இதே சோதனையை நியூயார்க் மாநிலத்தில் செய்து பார்த்துத் தோற்றார். அந்தத் தடவை பையன்கள் முதலில் சில நாள் ஒன்றாகத் தங்கிப் பழகிவிட்டார்கள். அதன்பிறகு பிரித்துவிட்டு, என்ன செய்தும் சண்டை மூட்ட முடியவில்லை. பெரியவர்கள்தான் ஏதோ சதி செய்கிறார்கள் என்று பிள்ளைகள் சந்தேகப்பட்டார்கள். சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஜினா பெரி என்ற எழுத்தாளர் 2018-இல் இதையெல்லாம் தோண்டி எடுத்து எழுதினார். முதலில் நட்பு, பிறகு கொடி என்றால் பிள்ளைகளை ஏமாற்றுவது கஷ்டம். முதலில் கொடியைக் கொடுத்துவிட்டால் சுலபம். நம் ஊரில் பிள்ளைகளுக்கு எது முதலில் கிடைக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்கப் பையன்களுக்கு நடந்தது நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். மாத்யூ லோ என்ற பொருளாதார ஆய்வாளர் 2017-இல் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கிரிக்கெட் போட்டி நடத்தினார். சில அணிகளில் ஒரே சாதி இளைஞர்கள், சில அணிகளில் கலந்து. குலுக்கல் முறையில் பிரித்தார். ஒரே அணியில் வேற்றுச் சாதிக்காரனோடு ஆடியவர்களுக்கு வேற்றுச் சாதி நண்பர்கள் கூடினார்கள். வேற்றுச் சாதிக்காரனுக்கு எதிராகவே ஆடியவர்களுக்கு அந்தப் பழக்கம் குறைந்தது. ஒரே மைதானம், ஒரே பந்து. யார் பக்கம் நின்று ஆடினோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம். நம் கிராமங்களில் பொங்கலுக்குத் தெரு வாரியாக அணி கட்டிக் கபடி நடத்துகிறோமே, அதை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

இன்னொரு ஆய்வு இஸ்ரேல், பாலஸ்தீனப் பிள்ளைகளைப் பற்றியது. 1993-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 'சீட்ஸ் ஆஃப் பீஸ்' என்ற முகாம் தொடங்கியது. அந்த இரண்டு பக்கத்துப் பதின்வயதுப் பிள்ளைகளும் கோடையில் ஒரே அறையில் தூங்கினார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். ஷ்ரோடர், ரைசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முகாம் முடிந்து மாதங்கள் கழித்தும் எதிர்ப்பக்கத்தார் மேல் யாருக்கு நல்லெண்ணம் தங்கியது? அந்தப் பக்கத்தில் நெருங்கிய நண்பர் ஒருவரையாவது சம்பாதித்தவர்களுக்குத்தான் கூடுதலாகத் தங்கியது. கூட்டமாகக் கைகோத்துப் பாடுவதெல்லாம் அழகுதான். தங்குவது அந்த ஒருவர். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து போரை நிறுத்திவிட்டார்களா என்று கேட்காதீர்கள். ஒரு முகாமின் தலையில் அவ்வளவு பாரத்தை ஏற்றக்கூடாது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனை, உடன் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை. சாதிக்கு ஒரு நிறம் என்று பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். 'அது தென்மாவட்டத்துச் சங்கதி' என்று சேலத்தில் உட்கார்ந்து நாம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். நானும் இங்கே பள்ளிக்கூடங்களில் இருந்தவன்தான். கயிறு கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமா?

கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம். அவிழ்த்த கைக்கு வேறு ஒரு வேலை கொடுக்க வேண்டாமா? அந்த நாங்குநேரிப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்வது போதாது. மணி அடித்ததும் ஆளுக்கொரு தெருவுக்குப் போய்விடுகிறோம். சேர்ந்து சமைத்து, பாத்திரம் தேய்த்து, ஒருவன் குறட்டையை மற்றவன் கேட்டு, வீட்டு ஞாபகம் வந்து அழுகிறவனுக்கு இன்னொருவன் போர்வையைப் போட்டு, இப்படி நாலைந்து ராத்திரியாவது ஆக வேண்டும். பகல் முகாமில் அது நடக்காது. எனக்குத் தெரிந்தவரை நட்பு ராத்திரியில்தான் உண்டாகிறது, விளக்கை அணைத்தபிறகு.

நாட்டு நலப்பணித் திட்டம் என்கிற என்.எஸ்.எஸ். 1969-இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அதில் ஏழு நாள் சிறப்பு முகாம் உண்டு. நம் மேல்நிலைப் பள்ளிகளிலும் அது இருக்கிறது. கிராமத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்து, சீமைக்கருவேலம் வெட்டி, கோயிலைக் கழுவி, எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுத் திரும்பிய பிள்ளைகள் இந்த அரங்கிலேயே பலர் இருப்பீர்கள். கை தூக்கச் சொல்லப் போவதில்லை. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. ஒரே பள்ளியிலிருந்து, ஏற்கெனவே சேக்காளிகளாக இருக்கிறவர்கள்தான் சேர்ந்து போகிறார்கள். காந்தி விளையாட்டரங்கில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடைப் பயிற்சி நடத்துகிறது. அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளையும் மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் ஒரே பந்தைத் துரத்துகிறார்கள், நல்ல விஷயம். பயிற்சி முடிந்ததும் ஒருவன் காரில் ஏறுகிறான், இன்னொருவன் டவுன் பஸ்ஸுக்கு ஓடுகிறான்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இங்கே முன்வரிசையில் இருக்கும் அம்மாக்கள் என்னை விடமாட்டார்கள். என் காலத்தில் ஏற்காட்டுக்குப் போனது பையன்கள் மட்டும். என் தங்கைக்கு அந்த வாய்ப்பே இல்லை. இன்றைக்கு, "ராத்திரி தங்கணுமா? வேண்டாம்பா" என்கிற பெற்றோரின் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. யாரை நம்பி விடுவது? நம்பிக்கையைப் பேச்சால் சம்பாதிக்க முடியாது. பெண் பொறுப்பாளர்கள், எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியே இருக்கக் கூடாது என்ற விதி, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்ற உரிமை, இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கேலி, அடி, ராகிங் இதெல்லாம் முகாமில் நடக்கும். எங்கள் கூடாரத்திலேயே நடந்திருக்கிறது. நல்ல ஞாபகங்கள் மட்டும் மிஞ்சுவது வயதின் சலுகை. அதை நம்பி ஏற்பாடு செய்யக்கூடாது.

இனி நான் கேட்க வந்தது. ஏற்காடு இங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம். வருஷத்துக்கு ஒரு மே மாதம், நாற்பது பிள்ளைகள் போதும். ஃபேர்லேண்ட்ஸிலிருந்து பத்து, கொல்லிமலையிலிருந்து பத்து, சிவதாபுரம், குகை, தாரமங்கலம், நாமக்கல் லாரிப் பட்டறைத் தெருக்கள் என்று மீதி. ஒரு பள்ளியிலிருந்து இரண்டு பேருக்கு மேல் வரக்கூடாது. கூடாரத்துக்கு எட்டுப் பேர், குலுக்கல் சீட்டு. சமையல்காரர் வேண்டாம், ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றால் போதும். பரிசுக்கோப்பை வேண்டவே வேண்டாம். ரோபோ செய்யச் சொல்லித்தர ஆள் வந்தால் வரட்டும், தடுக்கவில்லை. மழை வந்து விறகு நனைந்தால் தீக்குச்சியை அளந்து கொடுங்கள்.

அதைவிட முக்கியம், முகாமுக்குப் பிறகு. நாங்கள் விலாசம் எழுதிக்கொண்டு இன்லேண்ட் லெட்டர் போட்டோம். நாலைந்து கடிதத்தில் நின்றுபோயிற்று. இப்போதைய பிள்ளைகளுக்குக் கையில் இருப்பது அம்மாவின் போன். எண் இருக்கும், பேசவிடுவார்களா தெரியாது. அதனால் பொங்கல் விடுமுறையில் இன்னொரு தடவை கூட்ட வேண்டும், இந்தத் தடவை வீடுகளில். ஃபேர்லேண்ட்ஸ் பிள்ளை சிவதாபுரத்தில் ஒரு ராத்திரி, சிவதாபுரத்துப் பிள்ளை ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ராத்திரி. முகாமில் சமமாக இருப்பது சுலபம், அங்கே எல்லாருக்கும் தார்ப்பாய்தான். கிரானைட் தரையும் ஓட்டு வீடும் எதிரெதிரே வரும்போதுதான் கஷ்டம். என் பாட்டியும் அந்தக் குவளையும் இருந்தது வீட்டில்தான், ஏற்காட்டில் இல்லை.

சிவதாபுரத்து நண்பன் என்ன ஆனான் என்று யாராவது கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்கு அவன் மறுபடி வரவில்லை. பல வருஷம் கழித்து நான் தேடிப் போனேன். பட்டறை வைத்திருந்தான். நிறையப் பேசினோம். அவனுக்கு ஏற்காடு முழுக்க ஞாபகம் இருந்தது, மழை, விறகு, என் அணித்தலைவர் பட்டை எல்லாமே. திண்ணையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவன் மனைவி காபி கொடுத்தார். என் மகள் கல்யாணத்துக்குக் கொலுசு அவன் கையால்தான். கூலியில் ஒரு பைசா குறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இந்த அறக்கட்டளையின் வட்டியில் வருஷத்துக்கு ஒரு சொற்பொழிவு நடக்கிறது. மண்டபம், மாலை, சால்வை, அச்சுக் கூலி, பேச்சாளருக்குப் பயணப்படி. இந்தச் செலவில் எத்தனை பிள்ளைகளுக்கு ஏற்காடு பஸ் டிக்கெட்டும் அரிசி பருப்பும் வாங்கலாம் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு அவரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு இதே நாளில் சொற்பொழிவு வேண்டாம் என்று அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் முடிவு செய்தால் எனக்கு வருத்தம் இல்லை. என்னுடைய பயணப்படியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறேன். உறையை வாங்காமல்தான் கிளம்புகிறேன். சால்வையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மலையில் ராத்திரிக்கு உதவும்.